“இதெல்லாம் எங்கேருந்துப்பா புடிக்கிறே?” – இணைய விநோதங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையத்தில் கண்ணில் பட்ட ஏதாவது ஒரு விநோதத்தை ஞாயிறு காலையில் தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது என் வழக்கம். பழைய வரைபடம், யாராலும் படிக்க முடியாத கையெழுத்துப் புத்தகம், நூறு வருஷத்துக்கு மேல் எரிகிற பல்பு என்று எதுவாகவும் இருக்கும். வீடு கடலூரில், வேலை புதுச்சேரியில். இரண்டு ஊரிலும் என்னைப் பார்க்கிறவர்கள் ஒரே மாதிரி சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பதில் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

“இதெல்லாம் எங்கேருந்துப்பா புடிக்கிறே? வேற வேலையே இல்லியா?”

வேலை இருக்கிறது பெரியப்பா. விநோதம் தேட வேண்டும் என்று நான் உட்காருவதே இல்லை. வேறு எதையோ தேடப் போகும்போது வழியில் சிக்குவதுதான் பெரும்பாலும். கூகுளின் முதல் பக்கத்தில் அது கிடைக்காது, அங்கே எல்லோரும் கேட்பதுதான் இருக்கும். உலகத்துப் பெரிய நூலகங்களும் அருங்காட்சியகங்களும் தங்கள் கிடங்கையே படம்பிடித்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. நான் மேய்வது அங்கேதான்.

புதிதாக ஒரு நூலகத் தளம் கிடைத்தால் முதல் காரியமாக நம்ம ஊர்ப் பேரைத் தட்டிப் பார்ப்பேன். ஆனால் இன்றைய பேரைத் தட்டினால் பாதி வராது. பாண்டிச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் எழுதிய எழுத்துக்கூட்டலில் தட்ட வேண்டும். பரங்கிப்பேட்டை என்றால் ‘போர்ட்டோ நோவோ’. நம்ம தேவனாம்பட்டினத்தைப் பழைய ஆங்கிலேயர் ஆவணங்கள் ‘தெக்னாபட்டம்’ என்று சொல்லும். பழைய பேரைத் தெரிந்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

“சரி, முதல்ல போய்ப் பார்க்க ஒரே ஒரு இடம் சொல்லுங்க.”

இன்டர்நெட் ஆர்க்கைவ். 1996இல் சான் பிரான்சிஸ்கோவில் புரூஸ்டர் கேல் என்பவர் தொடங்கியது. பழைய புத்தகம், ஒலிப்பதிவு, படம், காணாமல்போன இணையப் பக்கம் எல்லாம் அங்கே சேர்கின்றன. காசு கேட்பதில்லை.

எதைத் தேடுவது என்று தெரியாவிட்டால் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் தொடங்குங்கள். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அவர். 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதினார். 1904க்கும் 1928க்கும் இடையில் சென்னையில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்த ஆங்கில மொழிபெயர்ப்பை அங்கே புரட்டலாம். போர், சரக்கு விலை, யார் யாருக்கு என்ன மரியாதை நடந்தது, கப்பல் வந்தது, வராதது என்று எல்லாம் இருக்கும். நடுவில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் படிக்கலாம். படித்துவிட்டு ரங்கப்பிள்ளை வீதியில் நடந்தால் அவர் வீடு இன்னும் அங்கே நிற்கிறது.

“எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. தமிழ்ல ஏதாச்சும் இருக்கா?”

நிறைய. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் அதற்கு முன்னின்றார், உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்கள் பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து போட்டார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தில் அச்சுப் புத்தகங்களும் இதழ்களும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யப்பட்டிருக்கின்றன. இலங்கைத் தமிழ் நூல்கள், பத்திரிகைகள் வேண்டுமென்றால் ‘நூலகம்’ தளம்.

என் சிபாரிசு பழைய இதழ்களில் வரும் விளம்பரங்கள். கதை, கட்டுரையைவிட அவை சுவாரசியம். கூந்தல் தைலம், சர்வரோக நிவாரணி, அந்தக் காலத்து விலை என்று நேரம் போவதே தெரியாது. புதுச்சேரியில் இருப்பவர்கள் ரோமன் ரோலண்ட் நூலகத்தையும் மறக்க வேண்டாம். 1827இல் தொடங்கியது, இணையத்தில் ஏறாதவை அங்கே இருக்கும்.

“பிரெஞ்சு டாக்குமெண்ட்டுனு அனுப்புனீங்களே, உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமா அண்ணா?”

கடைப் பலகை படிக்கிற அளவு. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் பிரெஞ்சிந்தியா காலத்து வரைபடங்களும் அரசிதழ்களும் பயண நூல்களும் இருக்கின்றன. அச்செழுத்தாக இருந்தால் மொழிபெயர்ப்புச் செயலியில் படம் காட்டினால் போதும், சாரம் கிடைத்துவிடும். கையெழுத்தாக இருந்தால் கை விரித்துவிடும். ஆனால் பேரும் ஆண்டும் முக்கியமான இடத்தில் செயலியை மட்டும் நம்பி அனுப்ப மாட்டேன். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவருக்கா பஞ்சம்?

“நம்ம கடலூரைப் பத்தி உருப்படியா ஏதாவது கிடைச்சுதா?”

இதுவரை கிடைத்ததிலேயே எனக்குப் பிடித்தது கடலூரில் தொடங்குவதுதான். 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினி தேவனாம்பட்டினத்தில் இருந்த ஒரு கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. எல்லை எது என்பதற்குப் போட்ட நிபந்தனை விசித்திரம்: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரைக்கும் உள்ள ஊர்களும் கிரயத்தில் சேர்ந்தவை. நல்ல பீரங்கியாகப் பார்த்து நாலு பக்கமும் சுட்டார்கள். அப்படிச் சேர்ந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றார்கள். குண்டு சாலையில் தினம் போகிறவர்கள், குண்டு உப்பலவாடியில் குடியிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி லாலி 1758இல் பிடித்து இடித்துவிட்டார். ஊர்ப் பேரை இடிக்க முடியவில்லை.

அந்த வியாபாரம் நடந்தபோது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். இங்கிலாந்து திரும்பிய பிறகு 1718இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு 417 புத்தகம், முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியம், ஒன்பது பொதி சரக்கு ஆகியவற்றைக் கொடுத்தார். சரக்கை விற்றதில் ஐநூற்றுச் சொச்சம் பவுன் தேறியது. கல்லூரி நன்றியோடு அவர் பேரை வைத்துக்கொண்டது. அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். அவர் சென்னையில் சம்பாதித்த விதமும், அந்தக் காலத்தில் அங்கே நடந்த அடிமை வியாபாரமும் பற்றித் தனியாகவே நிறைய எழுதியிருக்கிறார்கள். பேரை மட்டும் படித்துவிட்டு அவரைப் பெரிய வள்ளல் என்று நினைத்துவிட வேண்டாம்.

யேலின் அரிய நூல்கள் பிரிவுக்குள் போனால் வாய்னிச் கையெழுத்துப் பிரதி இருக்கிறது. 1912இல் வாய்னிச் என்ற புத்தக வியாபாரி வாங்கியதால் அந்தப் பேர். தோல் தாளை ரேடியோ கார்பன் முறையில் பரிசோதித்ததில் 1404க்கும் 1438க்கும் இடைப்பட்டது என்று தெரிந்தது. உலகத்தில் இல்லாத செடிகள், பச்சைத் தண்ணீரில் குளிக்கும் பெண்கள், நட்சத்திரச் சக்கரங்கள், எந்த மொழி என்றே தெரியாத எழுத்து. முழுப் புத்தகத்தையும் அவர்கள் இணையத்தில் போட்டிருக்கிறார்கள். குண்டு சாலையில் கிளம்பினவன் நடுராத்திரி அங்கே போய் நின்றேன். இதைத்தான் அந்த ஞாயிறு அனுப்பினேன்.

“பாண்டிச்சேரி மேப்பு ஏன் மாமா பிய்ச்சுப் போட்ட மாதிரி இருக்கு?”

ஆறாம் வகுப்புப் பையன் கேட்டது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தைத் திறந்து பாகூர், நெட்டப்பாக்கம், திருபுவனை பக்கம் பெரிதாக்கிப் பாருங்கள். புதுச்சேரி மாவட்டம் ஒரே நிலமாக இல்லை. தமிழ்நாட்டுக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒன்றை அடுத்து ஒன்றாக ஊர் ஊராகப் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்ததால் நேர்ந்தது இது. காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் இன்னும் தள்ளி. ஒரு எல்லையைக் குண்டு தீர்மானித்தது, இன்னொன்றை ஊர் ஊராகக் கொடுத்த நவாபின் தயவு தீர்மானித்தது என்று சொன்னேன். அவனுக்குக் குண்டுதான் பிடித்திருந்தது.

“வெறும் படத்தை அனுப்பினா போதாதா? ஏன் கீழே இவ்ளோ எழுதறீங்க?”

போதாது அக்கா. படம் மட்டும் போனால் மூன்றாவது ஆளிடம் போகும்போது அதற்குப் புதுக் கதை முளைத்துவிடும். என்ன பொருள், எங்கே இருக்கிறது, எப்போதையது, நான் எங்கே பார்த்தேன் என்ற நாலும் கூடவே போக வேண்டும். தமிழ் மணி பற்றி நான் அனுப்பியது இது:

“நியூசிலாந்தின் தலைநகர் வெலிங்டனில் உள்ள டே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கும் உடைந்த வெண்கலக் கப்பல் மணி. முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று விளிம்பில் பழைய தமிழ் எழுத்தில் பொறித்திருக்கிறது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி பார்த்தபோது மவோரி பழங்குடிப் பெண்கள் இதைக் கவிழ்த்து வைத்து உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே எப்படிப் போனது என்று யாருக்கும் தெரியாது. படம்: அருங்காட்சியகத்தின் சொந்தத் தளம்.”

இவ்வளவுதான். ‘தமிழன்தான் நியூசிலாந்தைக் கண்டுபிடித்தான், பகிருங்கள்’ என்று முடித்திருந்தால் பத்து மடங்கு பேர் அனுப்பியிருப்பார்கள். மணி மட்டும்தான் அங்கே போனது, மணியோடு தமிழர் போனாரா என்பதற்கு ஆதாரம் கிடையாது. அலைந்து கிடந்த கப்பலிலிருந்து வந்திருக்கலாம், யாராவது விற்றிருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று விட்டால்தான் அந்த மணி இன்னும் விசித்திரமாக இருக்கிறது.

“உண்மையா பொய்யான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?”

படமாக இருந்தால் கூகுள் லென்ஸ் அல்லது டின்ஐ தளத்தில் போட்டு, இதே படம் முன்னால் எங்கே வந்திருக்கிறது என்று பார்ப்பேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் வருமே, ‘தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து இந்தியா, நாசா எடுத்த படம்’ என்று கலர் கலராக ஒன்று, அது ஒரே இரவில் எடுத்ததே இல்லை. அமெரிக்க வானிலை அமைப்பின் விஞ்ஞானி ஒருவர் பல வருடங்களின் செயற்கைக்கோள் தரவைச் சேர்த்து, நகர விளக்குகள் எப்படிப் பெருகின என்று காட்ட 2003இல் உருவாக்கியது. எந்தக் காலத்தில் முளைத்த வெளிச்சமோ அதற்கு ஒரு நிறம். நாசாவே 2012இல் விளக்கம் சொல்லிவிட்டது. படம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. எனக்கு என்ன வருத்தம் என்றால், உண்மைக் கதைதான் அதிக சுவாரசியம்.

செய்தியாக இருந்தால் ‘யார் சொன்னது?’ என்று பின்னாலேயே நடப்பேன். ‘விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்’ என்றால் எந்த விஞ்ஞானி, எந்த வருஷம்? பேரும் ஆண்டும் இல்லாத அதிசயத்தை எடுத்த எடுப்பிலேயே ஓரம் கட்டுவேன். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு ‘பல முறை முன்னனுப்பப்பட்டது’ என்று வந்தால் அது எனக்கு அபாய மணி.

“பாதி உண்மை, பாதி கதையா இருந்தா என்ன பண்ணுவீங்க?”

இதுதான் கஷ்டமானது, இதற்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. லெ ஜாந்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர் வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போவதைப் பார்க்க 1760இல் புதுச்சேரிக்குக் கிளம்பினார். வந்து சேருவதற்குள் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில், ஆடுகிற கப்பலில் நின்று பார்க்க வேண்டியதாயிற்று, அளவு ஒன்றும் எடுக்க முடியவில்லை. அடுத்தது எட்டு வருஷம் கழித்துத்தான். அதுவரை இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே இருந்தார். மணிலாவுக்குப் போனார், 1768இல் புதுச்சேரிக்கு வந்தார். இடிபாடுகளின் மேல் ஒரு கூடம் கட்டினார், சென்னையிலிருந்த ஆங்கிலேயர்களே அவருக்கு நல்ல தொலைநோக்கி கொடுத்து அனுப்பினார்கள். 1769 ஜூன் 4 காலை மேகம் மூடிக்கொண்டது. வெள்ளி கடந்து போன பிறகு வெயில் பளிச்சென்று அடித்தது. அவர் விட்டு வந்த மணிலாவில் அன்று வானம் சுத்தமாக இருந்ததாம்.

இதெல்லாம் நடந்தது. 1771இல் ஊர் திரும்பியபோது அவர் செத்துவிட்டதாகக் கருதிச் சொத்தைப் பங்கு போட உறவினர்கள் முனைந்திருந்ததும் உண்மை. ஆனால் கதையின் கடைசியில் ‘அவர் மனைவியும் மறுமணம் செய்துகொண்டாள்’ என்று ஒரு வரி ஒட்டிக்கொண்டு வரும். திரும்பிப் போன பிறகுதான் அவருக்குக் கல்யாணமே ஆனது. சோகம் போதாது என்று யாரோ கொஞ்சம் சேர்த்திருக்கிறார்கள். நான் செய்தது, அந்த வரியை எடுத்துவிட்டு, ‘இப்படியும் ஒரு வரி சுற்றுகிறது, அது சரியில்லை’ என்று சேர்த்து அனுப்பினேன். சும்மா எடுத்துவிட்டால் மறுநாளே யாராவது ‘முக்கியமானதை விட்டுட்டியே’ என்று அந்த வரியோடு வந்து நிற்பார்கள்.

ஒட்டுக்கதையை எடுத்த இடத்தில் வைக்க, அவருடைய பயண நூலிலேயே நல்ல சரக்கு இருக்கிறது. 1779இலும் 1781இலும் இரண்டு தொகுதியாக வந்தது. புதுச்சேரியில் ஒரு தமிழர் 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை அவருக்குக் கணித்துக் காட்டினார். 41 வினாடி குறைவாக வந்தது. ஐரோப்பாவில் பேர்போன, மயர் என்பவரின் நிலவு அட்டவணையோ 68 வினாடி கூட்டிச் சொல்லியிருந்தது. பிறகு 1825இல் ஜான் வாரன் என்ற அதிகாரியும் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைப் பார்த்து எழுதியிருக்கிறார். தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லியே அவர் கிரகணத்தைக் கணித்தார். பொய் மனைவியைவிட இந்தச் சோழிகள் எவ்வளவோ மேல்.

“புயல் நேரத்துல வர்ற வீடியோவெல்லாம் பார்வேர்டு பண்ணலாமா?”

பண்ணாதீர்கள். 2011இல் தானே புயல், 2024இல் ஃபெஞ்சல் புயல் என்று அடி வாங்கிய ஊர் நம்முடையது. அந்த நேரத்தில் வேறு நாட்டு அலை வீடியோ, பழைய வெள்ளப் படம் எல்லாம் ‘கடலூர் இப்போது’ என்று வரும். எச்சரிக்கைக்கு வானிலை ஆய்வு மையமும் மாவட்ட நிர்வாகமும் சொல்வது போதும். காற்று எப்படிச் சுழல்கிறது என்று பார்க்க ஆசையாக இருந்தால் எர்த் நல்ஸ்கூல் தளத்தில் வங்கக் கடலைத் திருப்பி வைத்துப் பாருங்கள். புயல் ஒரு சுழியாகத் திரண்டு வருவது தெரியும். ஆனால் அது கணினி மாதிரிக் கணக்கு, எச்சரிக்கை இல்லை.

“பசங்க போரடிக்குதுங்கறாங்க. நேரலையா பார்க்கிற மாதிரி ஏதாவது?”

போரடிப்பதிலேயே உலகப் புகழ் பெற்றது ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் தொடங்கிய சோதனை. கீல் என்று தார் மாதிரி ஒன்று, சுத்தியலால் அடித்தால் கண்ணாடியாகத் தெறிக்கும். அதைப் புனலில் ஊற்றி வைத்திருக்கிறார்கள். அது திடமாகத் தெரிந்தாலும் திரவம்தான் என்று காட்டத்தான் இந்த ஏற்பாடு. ஒன்பதாவது சொட்டு 2014இல்தான் இறங்கியது. 2000இல் எட்டாவது விழுந்தபோது கேமரா பழுதாகி அதையும் யாரும் பார்க்கவில்லை. நேரலை இருக்கிறது, அடுத்த சொட்டுக்காக உலகமே காத்திருக்கிறது. கலிபோர்னியாவில் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரிகிற பல்புக்கும் ஒரு கேமரா உண்டு.

அசைகிற ஏதாவது வேண்டும் என்றால் சாயங்காலம் புதுச்சேரி கடற்கரைக்கோ சில்வர் பீச்சுக்கோ கூட்டிப் போங்கள். தூரத்தில் கப்பல் விளக்கு தெரிந்தால் மரைன் டிராஃபிக் தளத்தில் பாருங்கள். எந்தக் கப்பல், எந்த நாட்டுக் கொடி, எங்கே போகிறது என்று வந்துவிடும். பெரிய கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தை ரேடியோ சமிக்ஞையாக அறிவித்துக்கொண்டே போக வேண்டும் என்பது சர்வதேச விதி. நம்ம மீன்பிடிப் படகுகள் பெரும்பாலும் அதில் தெரியாது, அதையும் பசங்களிடம் சொல்லிவிடுங்கள். வீட்டிலேயே இருப்பதென்றால் ரேடியோ கார்டன். பூமி உருண்டையைச் சுற்றி எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அந்த ஊர் வானொலி பாடும். புதுச்சேரிக்காரர்கள் இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவைத் தொட்டுப் பாருங்கள், சொந்தக்காரர் யாராவது இருப்பார்கள்.

“தினமும் அனுப்பலாமே, ஏன் வாரத்துக்கு ஒண்ணு?”

தினமும் வந்தால் நீங்களே படிக்க மாட்டீர்கள். மேலே சொன்ன சரிபார்ப்புக்கும் நேரம் ஆகும். வைத்தியக் குறிப்பு, சாதிப் பெருமை, விபத்து வீடியோ, கட்சி சமாச்சாரம் இந்த நாலும் எவ்வளவு விநோதமாக இருந்தாலும் என்னிடமிருந்து வராது.

“போன வருஷம் அனுப்பினதைத் திறந்தா ஒண்ணுமே வரலியே சார்?”

பக்கம் செத்துப்போயிருக்கும். இது சாதாரணம். 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருஷத்தில் காணாமல் போய்விட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்குச் சொன்னது. ஜியோசிட்டீஸ் என்று ஒரு காலத்தில் லட்சக்கணக்கானவர்கள் சொந்தப் பக்கம் கட்டியிருந்த இடத்தையே 2009இல் மூடிவிட்டார்கள்.

இரண்டாவது கேள்வியில் சொன்ன இன்டர்நெட் ஆர்க்கைவில் வேபேக் மெஷின் என்று ஒரு பகுதி உண்டு. செத்த முகவரியை அதில் ஒட்டினால் ஒரு நாட்காட்டி வரும். நீல வட்டம் போட்ட தேதியை அழுத்தினால் அன்றைக்கு அந்தப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே திறக்கும். புதிதாக ஒரு பக்கத்தைச் சேமிக்கச் சொல்லவும் முடியும். யாருக்கும் அனுப்புவதற்கு முன்னால் நான் அதைச் செய்துவிடுவேன், அரை நிமிஷ வேலை.

“அந்தப் படத்தை எங்க ஸ்கூல் ஆண்டு மலர்ல போட்டுக்கலாமா?”

இணையத்தில் கிடைப்பதெல்லாம் இலவசம் இல்லை. இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. அதற்குப் பிறகு பொதுச்சொத்து. பாரதியார் எழுத்துகள் மாதிரி அரசே முன்கூட்டி வாங்கி நாட்டுடைமை ஆக்கியவையும் உண்டு. அருங்காட்சியகத் தளங்களில் படத்துக்குக் கீழே உரிமைக் குறிப்பு இருக்கும், அதைப் படியுங்கள். விக்கிமீடியா காமன்ஸ் படமென்றால் எடுத்தவர் பேரைப் போட்டால் பெரும்பாலும் போதும். பேரைப் போடுவதற்கு மட்டும் ஏன்தான் இவ்வளவு கஞ்சத்தனம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

“பழைய பாண்டிச்சேரின்னு அழகழகா போட்டோ வருதே, அதெல்லாம் ஏஐயா?”

இப்போது பெரும்பாலும் அப்படித்தான். ‘1900இல் புதுச்சேரி கடற்கரை’ என்று வந்த ஒரு படத்தில் காந்தி சிலை நின்றுகொண்டிருந்தது. 1900இல் காந்தி தென்னாப்பிரிக்காவில் வக்கீல் தொழில் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிச் சில்லறைப் பொருளைப் பாருங்கள்: சிலை, மின்கம்பம், வண்டிச் சக்கரம், கடைப் பலகை. பலகையில் தமிழும் இல்லாமல் பிரெஞ்சும் இல்லாமல் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டாம்.

ஏஐ நன்றாகத் தேறிவிட்டால் கண் உதவாது. அப்போதும் உதவுவது பூர்வீகம்தான். நிஜமான பழைய படத்துக்கு ஒரு வீடு இருக்கும். காலிகாவில் ஒரு எண், பிரெஞ்சு அஞ்சலட்டை என்றால் அச்சிட்டவர் பேர், ஒரு ஆல்பத்தின் பக்கம் என்று ஏதாவது. அழகாக இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது என்றால் நான் அதைத் தொடுவதில்லை.

“என் மாமனார்தான் தப்புத் தப்பா அனுப்பறாரு. அவர்கிட்ட எப்படிச் சொல்றது?”

எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். ‘இது பொய் மாமா’ என்று எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதினால் அடுத்த தீபாவளிக்கு வேட்டி சட்டை கிடைக்காது. தனியாகக் கூப்பிட்டு, ‘மாமா, நீங்க அனுப்பின தீபாவளிப் படத்துக்குப் பின்னால பெரிய கதையே இருக்கு தெரியுமா?’ என்று ஆரம்பியுங்கள். மேலே சொன்ன விளக்குக் கதையைச் சொல்லுங்கள். சாயங்காலத்துக்குள் திருத்தத்தை அவரே எல்லோருக்கும் அனுப்புவார், தானே கண்டுபிடித்த மாதிரி. அதை மட்டும் கண்டுகொள்ளாதீர்கள்.

“எங்க தாத்தா பொட்டியில பழைய போட்டோ, ஓலைச்சுவடி, பத்திரமெல்லாம் இருக்கு. நானும் நெட்ல போடலாமா?”

போடலாம், ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. ஓலைச்சுவடியை நீங்களாகவே எண்ணெய் போட்டுத் துடைக்கக் கிளம்பாதீர்கள். கட்டை அவிழ்க்காமல் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் பிரெஞ்சுத் தூரகிழக்குக் கல்விப் பள்ளியிலுமாக இருக்கும் சைவச் சுவடிகள் சுமார் 11,000. 2005இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சுவடியைக் கையாளத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

பத்திரத்தை முழுதாகப் போட வேண்டாம். நூறு வருஷப் பத்திரமானாலும் சர்வே எண்ணும் பங்காளிகள் பேரும் இன்றைக்கும் வம்பை இழுக்கும். முத்திரைத்தாளின் தலைப்பையும் பிரெஞ்சு முத்திரையையும் மட்டும் படமெடுத்துப் போட்டால் போதும், பார்க்கிறவர்களுக்கு அதுதான் சுவாரசியம்.

போட்டோவை மொபைலில் படமெடுக்காமல் கடையில் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கிவிடும், பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். படத்தில் இருப்பவர்கள் உயிரோடு இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய தேதி, யாருக்கோ எழுதிய இரண்டு வரி எல்லாம் அங்கேதான் இருக்கும். பாட்டி இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இடமிருந்து வலமாக யார் யார் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அப்புறம் ஏற்றுங்கள்.